எல்லாம் சரிபண்ணியாச்சு

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம். அங்கே நீங்களும் மாமாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும். உங்கள் முழங்கால் வலியும் மூன்று மாடி ஏற விடுகிற அளவுக்காவது குறைந்திருக்க வேண்டும். முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் கம்பெனியில் இருந்தவர், லிஃப்ட் இல்லாத கட்டடமாகத் தேடிப் பார்த்து வீடு வாங்கியதைப் பற்றி அப்பா ஒரு ஜோக் சொல்வாரே, அதை அவர் மூன்றரை வாரமாகச் சொல்லவில்லை. வீட்டு நிலவரம் இவ்வளவுதான்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை அப்பா எழுதச் சொல்லவில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதவும் இல்லை. இதில் ஒரு வரிகூட அவருடையது கிடையாது. இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், இன்று மத்தியானம் அவரே என்னிடம், "என்ன வேணா எழுது, நான் சொன்னேன்னு மட்டும் எழுதாதே" என்று சொன்னதுதான்.

நீங்கள் போனை எடுப்பதில்லை. நம் புத்தக ஃபோல்டரைத் திறந்தே பார்ப்பதில்லை என்று மாமா சொன்னார். ஆகவே அச்செடுத்துத் தபாலில் அனுப்புகிறேன். என் கம்ப்யூட்டர் அலுவலகத்தில் இருக்கிறது. அப்பாவின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அடிக்கிறேன். உங்கள் சர்வீஸ் ரிப்போர்ட் முறையிலேயே எழுதலாம் என்று ஆரம்பித்தேன்: கண்ட குறை, காரணம், செய்த வேலை, மீதி. ஆனால் காரணம் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதியதும் மற்ற மூன்றுக்கும் இடமில்லாமல் போய்விட்டது. அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த விஷயங்களும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். தெரிந்த விஷயங்களின் நடுவில்தான் தெரியாத ஒன்று இருக்கிறது.

லிஃப்ட் மெக்கானிக்குகளுக்கு ஒரு கையேடு எழுத வேண்டும் என்று நீங்களும் அப்பாவும் உட்கார்ந்தபோது, அப்பாவிடம் இருந்தது கை நிறைய கிரீஸ். உங்களிடம் இருந்தது முப்பத்தோரு வருஷத்து ரிப்போர்ட். இரண்டு பேரும் மாறி மாறி ஃபைல் அனுப்பிக்கொண்டீர்கள். இரண்டே மாதத்தில் 'கையேடு கடைசி', 'கையேடு நிஜமான கடைசி', 'அண்ணா பார்த்த கடைசி', 'அண்ணா பார்க்காத கடைசி' என்று பதினொரு கடைசிகள் சேர்ந்துவிட்டன. அந்த வேடிக்கையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருப்பதுதான் எனக்கு நன்றாக வரும் என்று நீங்களே பல முறை சொல்லியிருக்கிறீர்கள், வாயில்லாப் பூச்சி என்று. ஆனால் என் தொழிலில் இதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. யார், எப்போது, எந்த வரியை, ஏன் மாற்றினார்கள் என்று ஒவ்வொரு மாற்றத்தையும் அது பதிவு செய்து வைக்கும். எதையும் தொலைக்காது. உங்கள் இருவரிடமும் அதை விளக்கினேன். அப்பா, "போலீஸ் ஸ்டேஷன் மாதிரி" என்றார். நீங்கள் போனில், "ஏன், என் பீரோ மாதிரின்னு சொல்லேன்" என்றீர்கள். அந்த ஒப்புமைதான் சரி. நான் அன்றைக்கே அதை ஒப்புக்கொண்டேன்.

அந்த முறையில் ஒரு சின்ன வேலைக்கும் கறுப்புத் திரையில் நீளநீளமாகக் கட்டளை அடிக்க வேண்டும். அலுவலகத்தில் அது எனக்கே அலுத்துப்போய், தினமும் செய்கிற வேலைகளுக்கு ஒற்றைச் சொல்லில் சில துணைக் கட்டளைகள் எழுதி வைத்திருந்தேன். மற்றவர் எழுதியதைக் கொண்டுவர 'காலை'. நான் எழுதியதைப் பதிந்து அனுப்ப 'மாலை'. கடைசியாகச் செய்ததைத் திரும்ப எடுக்க 'ஐயோ'. பக்கத்து மேஜைக்காரர் ஒரு நாள் எட்டிப் பார்த்துத் தனக்கும் எடுத்துக்கொண்டார். ஒரு மாதத்தில் எங்கள் மாடி முழுக்கப் பரவிவிட்டது. இப்போது மேலாளர் கண்ணாடிக் கதவைத் திறந்து, "ஐயோ போட்டாச்சா?" என்று கேட்பதும், யாராவது, "ஒரு ஐயோ போட்டேன் சார், போதலை" என்பதும் அங்கே சாதாரணம். அவற்றை எழுதியது யார் என்று யாருக்கும் தெரியாது. நான் பெயர் போடவில்லை. போட்டால் வந்து பேசுவார்கள்.

அதே கட்டளைகளைத்தான் உங்கள் இருவருக்கும் அமைத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு 'மாலை'க்கும், ஏன் மாற்றினோம் என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும். அப்பாவின் குறிப்புகள்: 'சரி'. 'இதுவும் சரி'. 'சரி, மறுபடி'. உங்களுடையவை: 'கண்ட குறை: இரண்டாம் பக்கத்தில் பிரேக் ஷூவின் தடிமன் இல்லை. செய்த வேலை: சேர்க்கப்பட்டது. மீதி: அண்ணா அளந்து சொல்ல வேண்டும்.' நான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவற்றைத் திறந்து படிப்பேன். எத்தனையோ நாவல்களில் வராத அண்ணன் தங்கை அந்தக் குறிப்புகளில் இருந்தார்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். 'யார்' என்று ஒன்றையும் சேர்த்தேன். அதை அடித்தால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதைக் கடைசியாகத் தொட்டவர் பெயர் வரும். நீங்கள் இருவரும் புத்தகம் எழுதுவதை விட்டுவிட்டு 'யார்' அடிக்க ஆரம்பித்தீர்கள். காலை ஏழரைக்கு உங்கள் போன் வரும். அப்பா அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சவரம் செய்வார்.

"அண்ணா, கம்பிக் கயிறை மாசா மாசம் பார்க்கணும்னு நான் எழுதினேன். மூணு மாசம்னு ஆக்கியிருக்க."

"மூணு மாசம் போதும் பாப்பா."

"நீ மூணு மாசம் போதும்னு விட்டதையெல்லாம் யாரு ரிப்போர்ட் அடிச்சது?"

"சரி, ரெண்டு மாசம்."

"இது என்ன காய்கறியா பேரம் பேச? மாசா மாசம்."

அறுபத்தாறு வயதுக்காரர் பாதி முகத்தில் நுரையோடு வந்து, 'மாசா மாசம்' என்று மாற்றி, 'சரி' என்று குறிப்பு எழுதி 'மாலை' அடிப்பார். காலை எட்டு மணிக்கு. அம்மா என்னிடம், "இவ்வளவு சந்தோஷமா இவர் வேலைக்குப் போன காலத்துலகூட இருந்ததில்லை" என்றார்.

இனிமேல்தான் என் கைங்கரியம். நீங்கள் தட்டச்சுப் பொறியில் பழகியவர். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் இரண்டு இடம் விடுவீர்கள். பத்தி தொடங்கினால் ஐந்து இடம் தட்டுவீர்கள். அப்பா ஒரே ஒரு இடம் விடுவார், சில சமயம் அதையும் மறந்துவிடுவார். திரையில் பார்த்தால் உங்கள் வரிகள் நல்ல உயரத்திலும் அவர் வரிகள் கூனிக்கொண்டும் இருக்கும். அது அவர் கண்ணை உறுத்தியது. "எல்லாத்தையும் ஒரே சீரா தட்டிக் கொடுக்க ஒரு கருவி பண்ண முடியுமா?" என்று கேட்டார். இருபது நிமிஷ வேலை. செய்து, அதை அவருடைய 'மாலை'க்குள்ளேயே வைத்துவிட்டேன். அவர் 'மாலை' அடித்தால் இடைவெளிகள் எல்லாம் முதலில் சீராகும், பிறகு பதிவாகும், பிறகு உங்களுக்கு வந்து சேரும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை அப்பா முதல் தடவையாக அதை ஓட்டினார். புத்தகத்தில் மொத்தம் 4,318 வரிகள். எல்லா வரியிலும் எங்கோ ஓர் இடைவெளி கூடியது அல்லது குறைந்தது. அந்தப் பதிவு முறை எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொள்ளும், ஆனால் அதற்கு எதுவும் புரியாது. ஒரு வாக்கியத்தை எழுதுவதும் அதன் பின்னால் இருந்த ஒரு வெற்றிடத்தை எடுப்பதும் அதற்கு ஒன்றுதான். 4,318 வரியையும் கடைசியாகத் தொட்டவர் அப்பா என்று எழுதிக்கொண்டது. அப்பா திருப்தியாகச் சாய்ந்து உட்கார்ந்து, என்றைக்கும் இல்லாத வழக்கமாக, 'சரி' என்பதைவிட நீளமாக ஒரு குறிப்பு எழுதினார்: 'எல்லாம் சரிபண்ணியாச்சு'.

புதன்கிழமை காலை நீங்கள் 'காலை' அடித்தீர்கள். பிறகு 'யார்' அடித்தீர்கள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அப்பா, அப்பா, அப்பா. அதற்கு மேல் அந்தக் குறிப்பு. அதைப் பார்த்தபோது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் பல நாள் யோசித்துவிட்டேன். ஏழரை மணிப் போனை நானும் கேட்டேன். அன்று வீட்டில் இருந்துதான் வேலை செய்துகொண்டிருந்தேன்.

"அண்ணா, நான் எழுதினதுல ஒரு வரிகூட சரியில்லையா?"

நீங்கள் இடைவெளியைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று அப்பா நினைத்தார். அவர் நினைவில் வேறு எதுவும் இல்லை, அத்தை. அவர் வேறு எதையும் செய்யவில்லை.

"ஒண்ணு ரெண்டா பாப்பா? எல்லாத்துலயும் இருந்துது. ஒரே அடியா தட்டிட்டேன். இப்பதான் பார்க்க லட்சணமா இருக்கு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"இதுக்கெல்லாமா கேக்கணும்? கண்ணுக்குத் தெரியாத சமாசாரம்."

"எனக்குத் தெரிஞ்சுது" என்று சொல்லிப் போனை வைத்தீர்கள். அப்பா பாதி நுரையோடு என்னைப் பார்த்து, "கட் ஆயிடுச்சு. சிக்னல் இல்லபோல" என்றார். மறுநாள் ஏழரைக்குப் போன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நான்காம் நாள் மாமா கூப்பிட்டு, தபால்காரர் குரலில், "அட்டையில அவ பேரு வேண்டாமாம். எடுத்துடச் சொல்றா" என்று மட்டும் சொன்னார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில்தான் எனக்குப் புரிந்தது என்ன நடந்திருக்கும் என்று. அப்போதே உங்களைக் கூப்பிட்டு, தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்வதைவிடச் சரிசெய்வது எனக்குச் சுலபம். என்னைப் போன்றவர்களின் பெரிய குறை இதுதான். ஒருவரிடம் நேரே போய்ப் பேசுவதைத் தவிர்ப்பதற்காக எவ்வளவு வேலை வேண்டுமானாலும் செய்வோம்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் கம்ப்யூட்டரில் 'ஐயோ' அடித்தேன். கடைசியாகச் செய்ததை எடுத்துவிட்டால் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும் என்று நினைத்தேன். இடைவெளிகள் வந்தன. ஆனால் நான் எழுதிய 'ஐயோ' பழைய பதிவை அழிக்காது. அதற்கு எதிராகப் புதிதாக ஒரு பதிவு போடும். ஆக 4,318 வரிகளும் இரண்டாவது முறையாக அப்பா கைபட்டன. அது போதாதென்று, எதை எடுத்தோம் என்பதைத் தானாகவே குறிப்பாக எழுதும்படியும் அதைச் செய்திருந்தேன். உங்களுக்கு வந்தது இப்படி: 'ஐயோ, எல்லாம் சரிபண்ணியாச்சு'. அனுப்பியவர்: அப்பா.

பதறிப்போய் அதை எடுக்க இன்னொரு தடவை அடித்தேன். 'ஐயோ, ஐயோ, எல்லாம் சரிபண்ணியாச்சு'. அனுப்பியவர்: அப்பா.

இதற்கு மேல் அடிக்கக் கூடாது என்று என் கையை நானே பிடித்துக்கொண்டேன். சீராக்கும் கருவியை 'மாலை'யிலிருந்து கழற்றி எடுத்தேன். ஆனால் அதற்குள், அண்ணன் தன்னை எழுதவும் தெரியாதவள் என்று சொல்லிவிட்டு, சில நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமையில் உட்கார்ந்து இரண்டு முறை நக்கலும் அடிக்கிறார் என்று நீங்கள் முடிவுக்கு வந்திருந்தால், ஆதாரங்களின்படி அந்த முடிவு சரியானதே.

மூன்றாவது கைங்கரியம் இன்று காலை நடந்தது. 'பெருக்கு' என்று ஒரு கட்டளை இருக்கிறது. புத்தகத்திலிருந்து தனியாகப் பிரித்து வைத்து எழுதுகிற பகுதிகளுக்குக் கிளை என்று பெயர். எழுதி முடித்துச் சேர்த்த பிறகும் பழைய கிளைகள் குப்பையாகக் கிடக்கும். இருபது நாளாக யாரும் தொடாத கிளையை எடுத்துப் போடுவது 'பெருக்கு' வேலை. அதை அப்பாவின் கம்ப்யூட்டரில் சனிக்கிழமைதோறும் தானாக ஓடும்படி எப்போதோ வைத்துவிட்டு மறந்துபோனேன். ஒன்பதாம் அத்தியாயத்தை, கதவுகளைப் பற்றிய அத்தியாயத்தை, நீங்கள் தனிக் கிளையில்தான் எழுதிக்கொண்டிருந்தீர்கள். அதை நீங்கள் தொட்டு இன்றோடு இருபத்தைந்து நாள். போன சனிக்கிழமை பதினெட்டு நாள்தான் ஆகியிருந்தது, அதனால் தப்பியது. இன்று காலை ஆறு மணிக்கு, நீங்கள் இருவரும் பகிர்ந்துகொள்கிற பொது இடத்திலிருந்தும் அப்பாவின் கம்ப்யூட்டரிலிருந்தும் அது போய்விட்டது. அறிவிப்பு மட்டும் இருந்தது: 'கதவு. இருபது நாளாக யாரும் தொடவில்லை. பெருக்கியாச்சு'. அனுப்பியவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்பா அதைப் படித்துவிட்டு என் அறைக் கதவைத் தட்டினார்.

"நான் எதையும் பெருக்கலையே."

"தெரியும்பா. நான்தான்."

"நீ இங்க தூங்கிட்டுதானே இருந்த?"

அப்போதுதான் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். இடைவெளி, 'யார்', இரண்டு ஐயோ எல்லாம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "அப்ப பாப்பா என்னை இத்தனை நாளா என்ன நினைச்சிட்டிருக்கா?" என்றார். அம்மா வாசலில் நின்றபடியே, "நீங்க அவங்களை என்ன நினைச்சீங்களோ அதைத்தான். கோவக்காரின்னு நினைச்சீங்க இல்ல?" என்றார்.

பிறகு நான் முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். 'யார்' என்பதோடு 'நிஜமா' என்று ஒரு சொல்லைச் சேர்த்தேன். 'யார் நிஜமா' என்று அடித்தால், இடைவெளி மாற்றங்களைக் கண்டுகொள்ளாமல், சொற்களை எழுதியவர் யார் என்று பார்க்கும். கடைசியில் மொத்தமும் சொல்லும். அத்தை 2,604. அப்பா 1,690. மீதி இருபத்து நான்கு நான் தொடக்கத்தில் ஃபோல்டர் அமைத்தபோது போட்ட தலைப்பு வரிகள். ஒன்பதாம் அத்தியாயம் இதில் சேரவில்லை. சேர்ந்தால் அப்பாவின் கதி என்ன என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

"இவ்வளவா?" என்றார் அப்பா. திரையை மேலே தள்ளி முதல் பக்கத்துக்குப் போனார். புத்தகத்தின் முதல் வரி உங்களுக்குத் தெரியும். 'லிஃப்ட் நின்றால் எல்லோரும் மோட்டாரைப் பார்ப்பார்கள். நீ முதலில் கதவைப் பார்.' அப்பா எத்தனையோ பேருக்கு அதைச் சொல்லித் தந்திருக்கிறார். அந்த வரிக்குப் பக்கத்தில் உங்கள் பெயர் இருந்தது.

"இது நான் சொல்றதாச்சே."

"சொன்னது நீங்க" என்றார் அம்மா. "முதல்ல சொன்னது யாரு?"

அவருக்கு அது நினைவுக்கு வர ஒரு நிமிஷம் ஆயிற்று. அம்மா எனக்குச் சொன்னார். அப்பா எடுத்த முதல் பெரிய கட்டடம், பத்தொன்பது மாடி.  உச்சியில் மோட்டார் அறையில் நாலு மணி நேரமாக அப்பா எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்க, கீழே காவலாளி மேஜையில் இருந்த போனுக்கு நீங்கள் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு, "அண்ணா, போன வருஷத்து ரிப்போர்ட்டெல்லாம் புரட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல கதவுதான். முதல்ல கதவைப் பாரு" என்றீர்களாம். தரைத்தளத்துக் கதவின் பள்ளத்தில் ஒரு சீப்பு கிடந்ததாம்.

அப்பா எழுந்து போய் எங்கள் வாசல் கதவைத் திறந்து மூடினார். கீலைப் பார்த்தார். மறுபடி திறந்து மூடினார். பேச வராத நேரத்தில் அவர் செய்வது இது. எங்கள் வீட்டில் எந்தக் கதவும் கிறீச்சிடாததற்குக் காரணமும் இதுதான்.

"கதவு நல்லாத்தான் இருக்கு" என்றார் அம்மா. "போனை எடுத்துப் பேசுங்க."

"எடுக்கமாட்டா."

"அப்ப எழுதுங்க."

"எனக்கு எழுத வராதுன்னுதான் இப்ப தெரிஞ்சுபோச்சே. ஆயிரத்தி அறுநூத்தித் தொண்ணூறு."

ஆக, எழுதுவது நானானேன்.

வேண்டுவது இதுதான், அத்தை. வெள்ளிக்கிழமை புத்தகம் அச்சுக்குப் போக வேண்டும். ஒன்பதாம் அத்தியாயம் இப்போது முழுதாக இருப்பது உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும்தான். உண்மையைச் சொன்னால், பெருக்கியதைக் குப்பையிலிருந்து தேடி எடுக்க எனக்கு மூன்று நிமிஷம் போதும். எடுக்கவில்லை. மூன்றரை வாரமாக உங்கள் எழுத்தை உங்களைக் கேட்காமல் நான் தொட்டது போதும். நீங்களாகத் தந்தால்தான் அது புத்தகத்தில் சேரும். தராவிட்டால் எட்டு அத்தியாயத்தோடு போகட்டும் என்று அப்பாவே சொல்லிவிட்டார். கதவு இல்லாத லிஃப்ட் கையேடு. மெக்கானிக்குகள் சிரிப்பார்கள். சிரித்தாலும் பரவாயில்லை என்கிறார்.

அட்டை விஷயம் இன்னும் முடிவாகவில்லை. அச்சகக்காரர் தினமும் கூப்பிட்டு, "ஒரு பேரா, ரெண்டு பேரா சார்?" என்று கேட்கிறார். அப்பா தினமும், "லைன் சரியில்ல, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறார். மூன்று வாரமாக எங்கள் வீட்டில் லைன் சரியில்லை. உங்கள் பெயரை எடுக்கச் சொன்னீர்கள், அவர் எடுக்கவில்லை. அவர் பக்கத்திலிருந்து நான் சொல்லக்கூடிய ஒரே விஷயம் இதுதான். மற்றபடி அவர் எதுவும் சொல்லவில்லை என்பதை மறுபடியும் தெரிவித்துக்கொள்கிறேன்.

உங்கள் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு தடவை 'காலை' அடித்து, பிறகு 'யார் நிஜமா' என்று அடித்துப் பாருங்கள். அதில் வருவதை நம்புங்கள். அதற்கு முன்னால் வந்த எல்லாவற்றுக்கும் என்னைத் திட்டுங்கள். நேரில் வந்து திட்டினால் இன்னும் நல்லது. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது, ஓடுகிறது.

மாமாவுக்கு என் அன்பு. உங்கள் முழங்காலுக்கு ஓய்வும் மனதுக்கு நிம்மதியும் கிடைக்கட்டும். பெரியவர்களுக்கு ஆசி சொல்லும் வயதில்லை எனக்கு. உங்கள் ஆசியைக் கேட்டு முடிக்கிறேன்.

உங்கள் அண்ணன் மகள்,
வாயில்லாப் பூச்சி

பின்குறிப்பு: மேலே எழுதியதில் கணிசமான பகுதி இப்போது செல்லாது.

அப்பாவின் கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்த ஒரே இடம் புத்தக ஃபோல்டர். கடிதத்தை அதிலேயே எழுதிக்கொண்டிருந்தேன். முடித்ததும் அச்சு எடுப்பதற்குப் பதிலாகக் கை பழக்கத்தில் 'மாலை' அடித்துவிட்டது. கடிதம் பதிவாகி உங்களுக்கு வந்துவிட்டது. அப்பாவின் கம்ப்யூட்டர் என்பதால் அவர் பெயரில். 'யார்' அடித்துப் பார்த்தேன். அப்பா, அப்பா, அப்பா. 'யார் நிஜமா' அடித்தேன். அதுவும் அப்பா என்கிறது. இடைவெளியைக் கண்டுகொள்ளாமல் இருக்கத்தான் அதற்குத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பது யார் என்று தெரியாது. மேலே அதை நம்பச் சொல்லியிருக்கிறேன். 'ஐயோ' அடிக்கக் கையை வைத்தேன். பின்னால் நின்று முழுவதையும் படித்துக்கொண்டிருந்த அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விடு. அப்படியே இருக்கட்டும்."

"உங்க பேருல இருக்குப்பா."

"இருக்கட்டும்ங்கறேன்ல."

நாற்பது நிமிஷம் கழித்து அவரே 'காலை' அடித்தார். ஃபோல்டரைத் திறப்பதே இல்லை என்று மாமா சொன்னது எவ்வளவு பெரிய பொய் என்று அப்போது தெரிந்தது. கடிதத்தில் நான் பதினேழு மாடி என்று எழுதியிருந்தது பத்தொன்பது ஆகியிருந்தது. அந்த வாக்கியத்துக்குப் பிறகு இரண்டு இடம் விட்டிருந்தது. உங்கள் குறிப்பை அப்பா வாய்விட்டுப் படித்தார்: 'கண்ட குறை: மாடிகளின் எண்ணிக்கை தவறு. செய்த வேலை: திருத்தப்பட்டது. மீதி: ஒன்பதாம் அத்தியாயம், திங்கள் காலை.' படித்துவிட்டு, முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் கம்பெனியில் இருந்தவர் என்று ஆரம்பித்து அந்த ஜோக்கைச் சொன்னார். அம்மா சிரித்தார். ஆக இந்தக் கடிதத்தில் ஒரு வரி உங்களுடையது, மற்றதெல்லாம் அப்பாவுடையது, என் பெயரில் ஒரு வரிகூட இல்லை. எனக்கு இது மிகவும் வசதியாக இருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அச்சகக்காரர் கூப்பிட்டார். லைன் இன்று நன்றாக இருந்தது. "ரெண்டு பேரு" என்றார் அப்பா. "தங்கச்சி பேரு மேல வரட்டும். வேற ஒண்ணும் இல்ல, அகர வரிசைப்படி அப்படித்தான் வரும்."

அகர வரிசைப்படி அப்பாவின் பெயர்தான் மேலே வர வேண்டும். இதை நான் சொன்னதாக வைத்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பின்குறிப்புக்கும் இப்போது 'மாலை' அடிக்கப்போகிறேன். 'யார்' அடித்துப் பாருங்கள், அவரே ஒப்புக்கொண்டதாகத்தான் வரும்.